பதினாறு அன்னங்கள்

நேயர்களுக்கு வணக்கம். எங்கோ குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் நம்மில் யாருக்கும் காதில் விழுவதே இல்லை. பின்லாந்தின் இசைமேதை ஜான் சிபேலியஸுக்கு விழுந்தது. எழுதும்போது அது தொந்தரவு என்று, 1904-ல் குடிபோன வீட்டில் அவர் உயிரோடு இருந்தவரை குழாயே போடவிடவில்லை. ஹெல்சிங்கிக்கு வடக்கே யார்வென்பாவில் காட்டுக்குள் மரவீடு. மனைவி ஐனோவின் பெயரால் அதற்கு ஐனோலா என்று பெயர். தண்ணீரைச் சுமந்துதான் குடும்பம் நடந்தது. ஐனோவின் பொறுமையை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நெகிழ்கிறது.

ஆனால் பறவைச் சத்தம் மட்டும் அவருக்குத் தொந்தரவே இல்லை. 1915 ஏப்ரல் 21, காலை பத்து ஐம்பது. தலைக்கு மேல் பதினாறு அன்னங்கள் வெகுநேரம் வட்டமிட்டு, வெயில் மூட்டத்துக்குள் வெள்ளி நாடாபோல மறைந்தன. வாழ்நாளின் பெரிய அனுபவங்களில் ஒன்று என்று அன்றே நாட்குறிப்பில் எழுதினார். பதினாறு! எண்ணியிருக்கிறார், பாருங்கள்.

அப்போது எழுதிக்கொண்டிருந்த ஐந்தாவது சிம்பொனியின் கடைசிப் பகுதியில் ஹார்ன் வாத்தியங்கள் ஊஞ்சல்போல ஏறி இறங்கும். வீட்டுக் கூடத்து ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள், அதே நிதானம். அந்த இடத்துக்கு அன்னங்களின் பெயரையே சொல்கிறார்கள். தன் ஐம்பதாவது பிறந்தநாளில் அரங்கேற்றியும் அவருக்குத் திருப்தி வரவில்லை. மறுபடி திருத்தினார், மறுபடியும் திருத்தினார். 1919-ல்தான் முடித்தார். முடிவில் ஆறு முழக்கங்கள், நடுநடுவே மௌனம். ஆம், மௌனத்தையும் எழுதினார்.

அப்புறம் நிஜமாகவே மௌனம். 1926-ல் 'தபியோலா' என்ற இசைப்படைப்பு. அதன்பின் முப்பது வருடம் பெரிய படைப்பு எதுவும் வெளிவரவில்லை. எட்டாவது சிம்பொனியை 1940-களில் ஐனோலாவின் கணப்பிலேயே எரித்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் மனம் அமைதியானது என்று ஐனோ சொன்னார்.

1957 செப்டம்பரில், இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு, கொக்குக் கூட்டம் ஒன்று ஐனோலாவுக்கு மேல் பறந்தது. என் இளமையின் பறவைகள் வருகின்றன என்றாராம். 20-ஆம் தேதி இரவு, தொண்ணூற்றொன்று வயதில், அவர் காலமான வேளையில் ஹெல்சிங்கியில் ஆங்கிலேய இசை நடத்துநர் மால்கம் சார்ஜென்ட் அதே ஐந்தாவது சிம்பொனியை நடத்திக்கொண்டிருந்தார். வானொலியில் நேரடி ஒலிபரப்பு. நினைவிழந்து கிடந்தவர் அந்தச் சத்தத்தில் கண் விழிப்பாரோ என்று, வானொலியைப் போடலாமா என ஐனோ யோசித்தாராம்.

நேரம் முடிகிறது என்று சைகை வருகிறது. அவருடைய 'ஃபின்லாந்தியா' என்ற இசைப்படைப்பு பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். பின்லாந்து ரஷ்ய ஆட்சியில் இருந்தபோது அதை வேறு பெயர்களில்தான் வாசிக்க வேண்டியிருந்தது, அதை மட்டும் சொல்லி விடைபெறுகிறேன். வணக்கம்.