ஓசோன் அல்ல, வாசல் வாளி

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, தாய்மார்களே, பெரியோர்களே, வணக்கம்.

தலைப்பு: வார்டு வேட்பாளருக்குச் சூழல் அக்கறை அவசியமா, ஆடம்பரமா? ஆடம்பரம் என்று பேசிய எதிரணித் தலைவர் கேட்டார்: "தெருவிளக்கையே எரியவைக்க முடியாதவரா ஓசோன் ஓட்டையை அடைக்கப் போகிறார்?" நீங்களும் கைதட்டினீர்கள். ஐயா, ஓசோனை யார் கேட்டது? வாசலில் இருக்கிற குப்பை வாளியைத்தானே கேட்கிறோம்!

ஓர் அம்மா. காலை ஆறரை மணி. பச்சை வாளியில் காய்கறித் தோல், பழைய சோறு. நீல வாளியில் பால் கவர், அதையும் கழுவிக் காயவைத்து! குப்பை வண்டியின் விசில் கேட்டதும் இரண்டு கையிலும் வாளியோடு ஓடி வருகிறார். பச்சை வாளியைக் கொட்டினார்கள். நீல வாளி? அதுவும் அதே பெட்டியில்! இன்னொரு தரம் சொல்கிறேன்: கழுவி, உதறி, கொடியில் காயப்போட்ட பால் கவர், பழைய சோற்றின் தலையில் விழுந்தது! மறுநாள் அந்த அம்மா கையில் ஒரே வாளி. அதற்கு மறுநாள், எல்லாம் கட்டிய ஒரே கேரிபேக்! அம்மா மேலா தப்பு? வண்டியில் இரண்டையும் பிரித்துக் கொட்டத் தடுப்பே இல்லையே!

2016 திடக்கழிவு விதிகளே ஈரம், உலர், வீட்டு அபாயக் குப்பை என்று மூன்றாகப் பிரிக்கச் சொல்லின. கலந்து போனால் உரக் கூடத்தில் என்ன ஆகும்? பிளாஸ்டிக் அடைத்து, காற்றுப் போகாமல், குவியல் மக்குவதற்குப் பதில் அழுகும். கறுப்பாகச் சாறு வடியும். அக்கம்பக்கத்தார் நாற்றம் தாங்காமல் கூடத்தையே மூடச் சொல்வார்கள். பிறகு எல்லாக் குப்பையும் பெருங்குடி, கொடுங்கையூர், வெள்ளலூர் குப்பைக் கிடங்குகளுக்குத்தான்!

ஒழுங்காகச் செய்தால்? ஈரக் குப்பையோடு காய்ந்த இலை, வாரம் ஒருமுறை கிளறல், உள்ளே 55 டிகிரிக்கு மேல் சூடு. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரணும். ஒழுகினால் ஈரம் அதிகம், இன்னும் இலை போடணும். ஓட்டுக் கேட்டு வருகிறவருக்கு இது தெரியுமா என்று கேட்பது ஆடம்பரமா?

தெருவிளக்கு என்றீர்களே! 1992இல் வந்த 74ஆவது திருத்தம், அரசியல் சட்டத்தின் 12ஆவது அட்டவணை, நகராட்சிக்கு 18 பணிகள். குப்பை ஆறாவது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு எட்டாவது. உங்கள் தெருவிளக்கு எங்கே? பதினேழாவது ஐயா, பதினேழாவது!

நடுவர் அவர்களே, கடைசியாக ஒன்று. கலந்த குப்பையை யாராவது பிரித்துத்தான் ஆகணும். அதில் உடைந்த டியூப்லைட் இருக்கும், ஊசி இருக்கும், பிள்ளையின் டயப்பர் இருக்கும். அதற்குள் கைவிடுகிறவர் ஒரு தூய்மைப் பணியாளர். அவருக்கும் வீட்டில் பிள்ளை உண்டு. வேலை முடிந்து போனதும் ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்ளும். இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகும், அந்தக் கையால் பிள்ளையைத் தொட யோசித்து நிற்கிறாரே, அந்தத் தாய்க்காகத்தான் கேட்கிறோம்: வண்டியில் ஒரு தடுப்பு. நன்றி, வணக்கம்.