எட்டு முழ வேட்டியில் ஒரு விண்வெளிப் படம்

வணக்கம் மக்களே, கும்பகோணத்திலிருந்து உங்கள் தையல் அக்கா. பிளவுஸ் கழுத்து வெட்டுகிற வீடியோ கேட்டவர்கள் புதன்கிழமை வரை பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு எனக்கு ஒரு ஆற்றாமை, விண்வெளிப் படங்களுக்குச் சிறந்த படம் என்ற ஆஸ்கர் விருதைக் கொடுக்க மனசே வருவதில்லையே என்று. அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

நேற்று ராத்திரி மொட்டை மாடியில் ‘இன்டர்ஸ்டெல்லர்’ போட்டோம். பழைய புரொஜெக்டர்தான், 4,200 ரூபாய். கடைக்காரர் 5,500-இல் ஆரம்பித்தார். மூன்று தடவை படி இறங்கினேன், மூன்றாவது தடவை கூப்பிட்டுக் கொடுத்தார். திரைக்குச் சித்தப்பாவின் எட்டு முழ வேட்டி. இரண்டாக மடித்ததில் வெளிச்சம் பின்பக்கம் கசியவில்லை, ஆனால் காற்றில் ஒரே படபடப்பு. கீழே அகலமாக மடித்துத் தைத்து, உள்ளே மூங்கில் கழி ஒன்றைக் கோர்த்தேன். அப்புறம் அசையவே இல்லை! அந்தத் தையலைக் கிட்டத்தில் காட்டுகிறேன், பாருங்கள். எவ்வளவு நேர்!

சித்தப்பாவைத்தான் உங்களுக்குத் தெரியுமே, பாபநாசம் பக்கம் சம்பா அறுத்து முடித்த கையோடு வந்திருந்தார். படத்தில் மக்காச்சோளக் காட்டுக்குள் வண்டி பாய்ந்ததும் எழுந்தே விட்டார். “விளைஞ்ச பயிருல வண்டிய விடுறானே, பாவி!” அது நிஜப் பயிர்தான் சித்தப்பா, இயக்குநர் நோலன் கனடாவில் சுமார் 500 ஏக்கர் விதைக்கச் சொல்லி, படம் எடுத்தபின் விற்று லாபமும் பார்த்தார் என்றேன். லாபம் என்றதும்தான் உட்கார்ந்தார்.

இந்தப் படத்துக்கு ஆஸ்கரில் கிடைத்தது ஒன்றே ஒன்று, காட்சி விளைவுகளுக்கு. சிறந்த படத்துக்கான போட்டிப் பட்டியலில்கூடப் பெயர் இல்லை. ஆ, சொல்ல மறந்தேன், படத்தில் வருகிற கருந்துளையை, அதான் வெளிச்சத்தைக்கூட விழுங்குமே அதை, கிப் தோர்னின் சமன்பாடுகளை வைத்துத்தான் உருவாக்கினார்கள். 2017-இல் இயற்பியல் நோபல் வாங்கியவர் அவர். அப்படிப்பட்ட படத்துக்கே இவ்வளவுதான்! விண்வெளிப் படம் என்றால் ஒலி, உடை, விளைவு என்று கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். பந்தல் போட்டவரைப் பாராட்டிவிட்டு மாப்பிள்ளையை வாசலிலேயே நிறுத்துவது போல.

விருது விழாவின் பகட்டு எனக்கு ரொம்பப் பிடிக்கும். யார் என்ன உடுத்தினார்கள், துணி எப்படி விழுகிறது என்று நிறுத்தி நிறுத்திப் பார்ப்பேன். 2023-இல் சிவப்புக் கம்பளத்துக்குப் பதில் ஷாம்பெயின் நிறத்தில் விரித்தார்களே, எனக்குப் பிடிக்கவே இல்லை. வெளிர் நிற உடையெல்லாம் அதில் கரைந்துபோயிற்று.

ஒரு தையல்காரியாக இதையும் சொல்லணும். ‘ஸ்டார் வார்ஸ்’ உடைகளுக்கு 1978-இல் ஆஸ்கர் வாங்கியவர் ஜான் மோலோ. அவரே 1983-இல் ‘காந்தி’க்காக நம் பானு அத்தையாவோடு சேர்ந்து வாங்கினார். ஆஸ்கர் வாங்கிய முதல் இந்தியர் அந்த அம்மாதான், அதுவும் உடைக்காக! நினைத்தாலே சிலிர்க்கிறது. ஆனால் அதே ராத்திரி, வேற்றுக்கிரகத்துக் குட்டி ஒன்று பூமியில் மாட்டிக்கொள்ளும் ‘இ.டி.’ சிறந்த படம் ஆகாமல் ‘காந்தி’யிடம் தோற்றது. உடை விருது பானு அம்மாவுக்கே, அதில் மாற்றமில்லை. படத்துக்கான விருதை நான் ‘இ.டி.’க்குத்தான் கொடுத்திருப்பேன்.

சரி, 2023-இல் ‘எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்’ சிறந்த படம் ஆனது. விண்வெளி இல்லை, பல பிரபஞ்சங்களில் நடக்கும் அறிவியல் கற்பனைதான், ஆனாலும் கொஞ்சம் ஆறுதல்.

அடுத்த சனிக்கிழமை நம் ‘கலை அரசி’, 1963. வேற்றுக்கிரகத்தார் நாயகியைத் தூக்கிப்போவார்கள், எம்.ஜி.ஆர். அதில் விவசாயி. “விவசாயி வானத்துக்குப் போறாரா? அப்ப நான் வர்றேன்” என்று சித்தப்பா சொல்லிவிட்டார், இன்னொரு வேட்டியும் கொண்டுவருகிறாராம்.