ஏசி அறையில் வெங்காயம்

நடுவர் அவர்களே, இரு அணி நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகத் தேக்கா கடைத்தெருப் பக்கம் போகாமல் இந்தச் சிங்கப்பூர்ச் சமூக மன்றத்தில் வந்து உட்கார்ந்திருக்கும் தியாகிகளே, வணக்கம்.

உலகமயமாக்கலால் நம் கிராமங்கள் இழந்ததே அதிகம் என்று பேச வந்தேன். 1991, தாராளமயம், உலக வங்கி எல்லாம் தாளில் குறித்து வைத்திருந்தேன். ஆனால் எதிரணித் தலைவர் ஒரு கேள்வி கேட்டார்: "கிராமம் கிராமம் என்று உருகுகிறாரே, இவரை யார் பிடித்து விமானத்தில் ஏற்றியது?" அதற்கு நீங்கள் தட்டிய கைதட்டலில் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

ஐயா, யாரும் ஏற்றவில்லை. அப்பா ஒன்றரை ஏக்கரை அடகு வைத்து ஏஜென்ட்டுக்குக் கட்டினார், நானே ஏறினேன். செருப்பு கடிப்பதைப் போட்டவன்தானே சொல்ல முடியும்?

புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். எட்டு வருடச் சம்பளத்தில் அங்கே ஒரு வீடு கட்டினேன். 'சிங்கப்பூர்க்காரர் வீடு' என்றுதான் ஊரில் பெயர். சிங்கப்பூர்க்காரர் கிராஞ்சி விடுதியில் பன்னிரண்டு பேரோடு இரட்டைக் கட்டிலின் மேல்தட்டில் தூங்குகிறார், அது வேறு விஷயம்.

பால் காய்ச்ச லீவு கிடைக்கவில்லை. கைப்பேசியில் பார்த்தேன். அம்மா பிடித்த பிடியில் எனக்குத் தெரிந்தது மின்விசிறி மட்டும்.

"பால் பொங்குதுடா, தெரியுதா?"

"தெரியுதும்மா, மூணு றெக்கையும் நல்லாத் தெரியுது."

அப்புறம் ஏசி. அவர்கள் வெயிலில் வேகக்கூடாதே என்று ஒன்று மாட்டச் சொன்னேன். ஒரு மாதம் கழித்துக் கேட்டேன்.

"ஏசி எப்படிம்மா இருக்கு?"

"அதுக்கென்ன, நல்லா இருக்கு."

"தூக்கம் வருதா?"

"வருது, வருது."

எனக்கு எங்கேயோ இடித்தது. "அந்த ரூம்லதானே படுக்குறீங்க?"

"அங்க ஏதுடா இடம்? வெங்காயம்ல கொட்டி வச்சிருக்கு!"

நடுவர் அவர்களே, நாலு மூட்டை சின்ன வெங்காயம்! நான் துவாஸ் கப்பல் பட்டறையில் வெல்டிங் வைத்து வியர்வையில் குளிக்கிறேன். "ஏசியாவது போடுறீங்களா?" என்றேன். "ராத்திரி ஒரு மணி நேரம் போட்டுவிடுறேன். நீ ஆசைப்பட்டு வாங்கினதாச்சே." வெங்காயத்துக்கு!

"அப்பாவாவது படுக்கக் கூடாதா?" "அவருக்குக் குளிர் ஒத்துக்காதாம். வேப்ப மரத்தடியில கட்டில் போட்டாத்தான் கண் அசருதாம்."

எதிரணித் தலைவரே சிரிக்கிறார். சரி, கொஞ்சம் வாதமும் வைத்துவிடுகிறேன், மதிப்பெண் போட வேண்டுமே. டெல்டாவில் இப்போது நடவுக்கு மேற்கு வங்கத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். மன்னார்குடிக்காரன் துவாஸில், வங்காளத்துக்காரன் மன்னார்குடியில். வயலில் குலவைச் சத்தம் இல்லை. நடவுப் பாட்டு பாடினாலும் நமக்குப் புரியாது. அவன் ஊர் வயலில் யார் இறங்கியிருக்கிறார்களோ!

"பணம் நொடியில் வீட்டுக்குப் போகிறதே" என்றார்கள். ஒத்துக்கொள்கிறேன். 2023 பிப்ரவரியில் இங்கே பணம் அனுப்பும் 'பேநவ்' முறையையும் நம் ஊர் யூபிஐயையும் இணைத்தார்கள். இங்கே அழுத்தினால் அங்கே அம்மா கணக்கில் விழுகிறது. பணம் போகும். நான்?

போன ஆடியில் அப்பா தவறிவிட்டார். முன்பெல்லாம் எங்கள் ஊரில் காலையில் போனவரைப் பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுவார்கள். இப்போது மகன் வர வேண்டுமே. அதற்காக ஊரில் ஒரு புதுத் தொழில் வந்திருக்கிறது, ஐஸ் பெட்டி வாடகை. எதிரணி இதையும் 'பெற்றவை' கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.

சாங்கியிலிருந்து திருச்சிக்கு நாலு மணி நேரம்தான். லீவும் டிக்கெட்டும் கிடைக்க இரண்டு நாள். யார் ஏற்றியது என்று கேட்டீர்களே, அன்றைக்கு என்னை ஏற்றியது விடுதிப் பையன்கள். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு டிக்கெட் எடுத்தார்கள். அதோ, மூன்றாவது வரிசையில் இருக்கிறார்கள்.

போய் இறங்கினேன். வேப்ப மரத்தடியில் பெட்டி. மோட்டார் உறுமிக்கொண்டிருக்கிறது. கண்ணாடி மேல் அப்பாவின் பழைய கம்பளி. முகம் பார்க்க வந்தவர்கள் விலக்க விலக்க, அம்மா இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தார்.

"எடும்மா, நான் முகம் பார்க்கணும்" என்றேன்.

"அவருக்குத்தான் குளிர் ஒத்துக்காதேடா" என்றார்.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. உட்காருகிறேன்.