யாருடைய ஆள் களத்தில் இறங்குகிறார்?

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

"கால்பந்தில் முகவர்களின் செல்வாக்கு வீரர்களுக்குக் காவலா, பயிற்சியாளருக்கும் வீரருக்கும் இடையிலான விசுவாசத்துக்குக் கேடா?" என்பது நமக்குத் தரப்பட்ட தலைப்பு. கேடே என்று வாதிடும் அணியின் சார்பில் பேசுகிறேன். வீரர்களுக்காகக் கிளப்புகளிடம் பேரம் பேசித் தரகு வாங்கும் முகவர்கள் சம்பாதிப்பதைக் கண்டு பொருமுவதற்காக இந்த மேடையில் ஏறவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாடு விட்டு நாடு நடந்த வீரர் இடமாற்றங்களுக்காக மட்டும் 2023-ஆம் ஆண்டில் முகவர்களுக்குப் போன தொகை சுமார் 88.8 கோடி டாலர் என்று உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபா கணக்குக் காட்டியது. பெரிய தொகைதான். ஆனால் விருப்பத்தோடு கொடுப்பவர் இருக்கையில் வாங்குபவரை மட்டும் பழிப்பது நியாயமாகாது. என் குற்றச்சாட்டு வேறு. ஒரே முகவர் வீரருக்காகவும் பயிற்சியாளருக்காகவும் கிளப்புக்காகவும் பேசத் தொடங்கியபின், ஒரு வீரர் ஏன் வாங்கப்பட்டார், ஏன் களமிறக்கப்பட்டார், ஏன் ஓரங்கட்டப்பட்டார் என்பதற்கான காரணம் ஆட்டத்தில் இருக்கிறதா, வணிகத்தில் இருக்கிறதா என்று பிரித்தறிய முடியாமல் போய்விட்டது. அந்தச் சந்தேகம் நுழைந்த அணியில் பயிற்சியாளரின் சொல்லுக்கு மதிப்பு நிற்பதில்லை.

எனக்கு முன் பேசிய நண்பர் வரலாற்றிலிருந்து தொடங்கினார். அதில் பெரும்பகுதியை நான் ஏற்கிறேன். இங்கிலாந்தில் 1961 வரை வீரர் ஒருவருக்கு வாரம் 20 பவுண்டுக்கு மேல் சம்பளம் கொடுக்கக் கூடாது என்ற உச்சவரம்பு இருந்தது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் வீரரை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை கிளப்புக்கு இருந்தது. நியூகாசில் கிளப்பை எதிர்த்து ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் வழக்குத் தொடுத்து, 1963-இல் அந்த முறை சட்டவிரோதம் என்ற தீர்ப்பைப் பெற்றார். பிறகு 1995 டிசம்பரில், பெல்ஜிய வீரர் ஜான் மார்க் பாஸ்மன் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, ஒப்பந்தம் முடிந்தவரைப் பணம் கேட்டுத் தடுக்க முடியாது என்றாக்கியது. இவை வீரர்கள் பெற்ற உண்மையான விடுதலைகள். ஆனால் இவற்றைப் பெற்றுத் தந்தவர்கள் யார்? வேலை நிறுத்தம் செய்யத் துணிந்த தொழிற்சங்கமும், தம் ஆட்ட வாழ்க்கையையே பணயம் வைத்த இரண்டு வீரர்களும், வழக்கறிஞர்களும்தான். முகவர்கள் அந்தப் போரில் முன்னணியில் நிற்கவில்லை. விளைந்த பிறகு அறுவடைக்கு வந்தார்கள். இடமாற்றுத் தொகையாகக் கிளப்புக்குப் போயிருக்க வேண்டிய பணம், பாஸ்மன் தீர்ப்புக்குப் பின் வீரரின் கையெழுத்துத் தொகையாகவும் முகவரின் தரகாகவும் உருமாறியது. இதில் தவறு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. விடுதலையின் பெயரைச் சொல்லி இன்றைய முகவர் முறைக்குப் புனிதம் தேடக் கூடாது என்கிறேன்.

"முகவர் எப்போதும் வீரரை வெளியேறவா தூண்டுகிறார்? ஒப்பந்தத்தைப் புதுப்பித்தாலும் அவருக்கு வருமானம் உண்டே" என்று நண்பர் கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் நல்ல விலை கிடைக்க வேண்டுமானால், வீரர் போய்விடுவார் என்று கிளப் நம்ப வேண்டும். 2010 அக்டோபரில் மான்செஸ்டர் யுனைடெட்டில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். வெய்ன் ரூனி கிளப்பை விட்டுப் போக விரும்புகிறார் என்று பயிற்சியாளர் அலெக்ஸ் பெர்குசன் பத்திரிகையாளர்கள் முன் திகைப்போடு சொன்னார். உயர்ந்த தரமுள்ள வீரர்களைக் கொண்டுவருவது குறித்துக் கிளப் உறுதி அளிக்கவில்லை என்று ரூனியின் பெயரில் அறிக்கை வந்தது. அறிக்கை வந்து இரண்டு நாள்களுக்குள் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் ரூனி கையெழுத்திட்டார். அது அக்டோபர் மாதம், வீரர்களை வாங்கும் காலமே அல்ல. அந்த இரண்டு நாள்களில் யுனைடெட் அணியில் புதிதாக ஒருவரும் சேரவில்லை. உயர்ந்தது அணியின் தரமா, சம்பளமா என்பதை அவையோர் ஊகித்துக்கொள்ளலாம். கால் நூற்றாண்டு ஒரே கிளப்பை நடத்திய பெர்குசனையே இப்படி நிறுத்திவைக்க முடிந்தது என்றால், மூன்று தோல்வியில் வேலை போகக்கூடிய பயிற்சியாளரின் நிலை என்ன?

இதைவிட வெளிப்படையான நிகழ்ச்சி அதே கிளப்பில் பத்தாண்டு கழித்து நடந்தது. 2020 டிசம்பரில் சாம்பியன்ஸ் லீக் போட்டிக்காக யுனைடெட் லைப்சிக் நகரில் இருந்தது. ஆட்டத்துக்கு முந்தைய நாள், பால் போக்பாவின் முகவர் மினோ ராயோலா, போக்பாவுக்கு இந்தக் கிளப்பில் காலம் முடிந்துவிட்டது, அவர் மாற வேண்டும் என்று இத்தாலிய நாளிதழ் ஒன்றுக்குப் பேட்டி கொடுத்திருந்தார். யுனைடெட் 3-2 என்று தோற்றுப் போட்டித் தொடரிலிருந்து வெளியேறியது. பேட்டியால்தான் தோற்றார்கள் என்று சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் வாழ்வா சாவா என்ற ஆட்டத்துக்கு முந்தைய இரவு, அணி வியூகத்தைப் பேச வேண்டிய பயிற்சியாளர் ஒரு முகவரின் பேட்டிக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பயிற்சியாளரால் அந்த முகவரை ஒன்றும் செய்ய முடியாது. அவரைத் தண்டிக்க முடியாது, ஓரமாக உட்காரவைக்க முடியாது, எதிரே அழைத்து விளக்கம் கேட்கவும் முடியாது.

இதே போக்பா 2016-இல் யுவென்டஸிலிருந்து பத்தரைக் கோடி யூரோவுக்கு யுனைடெட்டுக்கு வந்தபோது, விற்ற கிளப், வாங்கிய கிளப், வீரர் ஆகிய மூன்று தரப்புகளிடமிருந்தும் சேர்த்து ராயோலாவுக்கு ஏறத்தாழ 4.9 கோடி யூரோ சேர வேண்டியிருந்தது என்று, கசிந்த ஆவணங்களின் அடிப்படையில் மறு ஆண்டு செய்திகள் வெளிவந்தன. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்று நம்மவர்கள் சொல்வார்களே, அதற்கு இதைவிடப் பொருத்தமான தொழில்முறை உதாரணம் கிடைப்பது கடினம். விலை உயர்ந்தால் விற்பவருக்கு நன்மை, குறைந்தால் வாங்குபவருக்கு நன்மை, சம்பளம் உயர்ந்தால் வீரருக்கு நன்மை. மூவரின் நலனையும் ஒருவரே காக்க முடியும் என்று நம்புவதற்கு மிகுந்த பெருந்தன்மை வேண்டும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். பயிற்சியாளர்களுக்கும் முகவர்கள் உண்டு என்பதை எதிரணியினர் ஒருமுறைகூடக் குறிப்பிடவில்லை.

போர்ச்சுகலின் ஜோர்ஜ் மெண்டிஸ் உலகின் மிகச் செல்வாக்குள்ள முகவர்களில் ஒருவர். வீரர் கிறிஸ்டியானோ ரொனால்டோவும் பயிற்சியாளர் ஜோசே மொரின்யோவும் அவருடைய கட்சிக்காரர்களாக இருந்தவர்கள். அவருக்கு முதன்முதலில் கிடைத்த கட்சிக்காரர் நூனோ எஸ்பிரிட்டோ சான்டோ என்ற கோல்கீப்பர். தொண்ணூறுகளில் தொடங்கிய உறவு அது. 2016-இல் சீனாவின் ஃபோசுன் குழுமம் வுல்வர்ஹாம்ப்டன் வாண்டரர்ஸ் கிளப்பை வாங்கியது; மெண்டிஸ் அந்த உரிமையாளர்களுக்கு ஆலோசகராக விளங்கினார். 2017-இல் நூனோ அங்கே பயிற்சியாளரானார். அதே கோடையில், மிக இளம் வயதிலேயே சாம்பியன்ஸ் லீக்கில் போர்ட்டோ அணிக்குத் தலைமை தாங்கிய ரூபன் நெவிஸ், இரண்டாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்த அந்தக் கிளப்புக்கு வந்து சேர்ந்தார். டியோகோ ஜோட்டாவும் வந்தார். அடுத்தடுத்து மேலும் பல போர்ச்சுகீசிய வீரர்கள் வந்தார்கள். போட்டிக் கிளப்புகள் முறையிட்டன. லீக் நிர்வாகம் ஆராய்ந்து, விதி எதுவும் மீறப்படவில்லை என்றது.

"பார்த்தீர்களா, விதிமீறல் இல்லை, கிளப்பும் 2018-இல் முதல் பிரிவுக்கு உயர்ந்து மறு ஆண்டே ஏழாமிடம் பிடித்தது" என்று எதிரணி சொல்லும். முழுக்க உண்மை. இன்னொன்றையும் நானே அவர்களுக்காகச் சொல்கிறேன்: நெவிஸும் ஜோட்டாவும் முந்தைய ஆண்டு போர்ட்டோவில் நூனோவிடமே ஆடியவர்கள். தமக்குத் தெரிந்த வீரர்களை ஒரு பயிற்சியாளர் கேட்டு வாங்குவது இயல்பு. ஆகவே இந்த ஒப்பந்தங்களுக்கு ஆட்டம் சார்ந்த விளக்கமும் முழுமையாகப் பொருந்துகிறது, முகவர் சார்ந்த விளக்கமும் முழுமையாகப் பொருந்துகிறது. இரண்டில் எது என்று வெளியிலிருப்பவர் ஒருபோதும் சொல்ல முடியாது. உள்ளே இருக்கும் மற்ற வீரராலும் சொல்ல முடியாது என்பதுதான் எனக்குக் கவலை.

குறிப்பிட்ட அந்தக் கிளப்பை விட்டுவிட்டு, இப்படி அமைந்த எந்த ஒரு டிரெஸ்ஸிங் ரூமையும் எண்ணிப் பாருங்கள். பயிற்சியாளரின் முகவரிடமே தானும் இருக்கும் வீரர் ஒருவர் தொடர்ந்து களமிறங்குகிறார். வேறு முகவரிடம் உள்ளவர் வெளியே அமர்ந்திருக்கிறார். பயிற்சியாளர் நேர்மையின் உருவமாகவே இருக்கட்டும். வெளியே அமர்ந்தவர் தன் ஆட்டத்தில் குறை தேடுவாரா, தன் முகவரை மாற்றுவதைப் பற்றி யோசிப்பாரா? களத்தில் இருப்பவரின் நிலையும் மேலானதன்று. தன் இடம் தன் காலால் கிடைத்ததா, தன் முகவரின் தொலைபேசியால் கிடைத்ததா என்ற கேள்வி சக வீரர்களின் கண்களில் தெரியும். பயிற்சியாளர் மீதான விசுவாசம் என்பது காலில் விழுவதன்று. அவர் என்னை உட்காரவைத்தால் அது அணிக்காகத்தான் என்று மனக்கசப்போடாவது நம்ப முடிவதுதான். அந்த நம்பிக்கைக்குத்தான் இங்கே இடமில்லை.

இது வெறும் ஊகம் என்று தள்ளிவிட முடியாதபடி வரலாறும் இருக்கிறது. ஆர்சனல் கிளப்புக்கு 1989-லும் 1991-லும் லீக் பட்டம் வென்று தந்தவர் ஜார்ஜ் கிரஹாம். ஜான் யென்சன், பால் லைடர்சன் ஆகிய இருவரையும் வாங்கியதன் தொடர்பில், ரூனே ஹாவ்கே என்ற முகவரிடமிருந்து 4,25,000 பவுண்டு பெற்றது வெளிவந்தபோது, 1995-இல் அவர் வேலையை இழந்தார். ஓராண்டுத் தடையும் பெற்றார். தாம் கேட்காமல் வந்த அன்பளிப்பு அது என்பது அவருடைய விளக்கம். அந்தப் பணத்தைப் பின்னர் கிளப்பிடம் வட்டியோடு ஒப்படைத்தார். யென்சன் டென்மார்க்குக்காக 1992 ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் கோல் அடித்தவர். திறமையில்லாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. இருந்தும் அந்தத் தொகை தெரிந்த பிறகு அவருடைய தேர்வையே சந்தேகத்தோடு பார்க்க நேர்ந்தது. வீரருக்கு நேர்ந்த அந்த அநீதியை "காவலர்கள்" எவரும் ஈடுசெய்யவில்லை.

ஆஷ்லி கோல் விவகாரம் எல்லோரும் அறிந்தது. சுருக்கமாகச் சொல்லிக் கடக்கிறேன். 2005 ஜனவரியில், ஆர்சனல் ஒப்பந்தத்தில் இருந்த கோல், போட்டிக் கிளப்பான செல்சியின் தரப்பினரை ஒரு விடுதியில் சந்தித்தார். மேசையைச் சுற்றி முகவர்கள் இருந்தார்கள், செல்சியின் பயிற்சியாளர் மொரின்யோவும் இருந்தார். கிளப்புக்கும் பயிற்சியாளருக்கும் வீரருக்கும் அபராதம் விழுந்தது. மறு ஆண்டு கோல் செல்சிக்கே போய்ச் சேர்ந்தார். அபராதம் அவர்களைத் தடுக்கவில்லை. கொஞ்சம் தாமதப்படுத்தியதோடு சரி.

"கிளப்புகள் பயிற்சியாளர்களை நினைத்தபோது நீக்குகின்றனவே, வீரர் மட்டும் ஏன் விசுவாசம் காட்ட வேண்டும்?" என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் நீக்கம் வெளிச்சத்தில் நடக்கிறது, நீக்கியவர் பெயர் தெரிகிறது, இழப்பீடு தரப்படுகிறது, ரசிகர்கள் அவரைக் கேள்வி கேட்க முடிகிறது. முகவரின் செல்வாக்குக்கு இப்படிப்பட்ட பொறுப்பு எதுவும் இல்லை. பயிற்சியாளர் போன பிறகும் அந்த முகவரின் வீரர்கள் நீண்ட ஒப்பந்தங்களோடு அங்கேயே இருப்பார்கள். தம்மைக் கேட்காமல் அமைந்த அணியோடு அடுத்த பயிற்சியாளர் போராடுவார்.

விதிகள் வந்துவிட்டனவே என்றும் சொல்லப்பட்டது. ஃபிஃபா 2023-இல் உரிமத் தேர்வைத் திரும்பக் கொண்டுவந்தது. தரகுக்கு உச்சவரம்பு வைத்தது. ஒரே பரிவர்த்தனையில் விற்கும் கிளப்புக்காகவும் வீரருக்காகவும் ஒருவரே பேசக் கூடாது என்றது. முகவர்கள் நீதிமன்றங்களை நாடினார்கள். ஜெர்மானிய நீதிமன்றம் ஒன்றின் தடைக்குப் பின், உச்சவரம்பு உட்பட முக்கியப் பிரிவுகளை அந்த ஆண்டு டிசம்பர் இறுதியில் ஃபிஃபாவே உலகெங்கும் நிறுத்திவைத்தது. அந்த விதி நடைமுறைக்கு வந்திருந்தாலும் அது ஒரு பரிவர்த்தனையைத்தான் பார்க்கும். பயிற்சியாளரும் வீரரும் வெவ்வேறு நாளில், ஒரே முகவர் மூலம், ஒரே கிளப்பில் வந்து சேர்வதை அது பார்க்காது.

கடைசியாக, முகவர் இல்லாவிட்டால் வீரர் ஏமாற்றப்படுவார் என்ற வாதம். 2021-இல் மான்செஸ்டர் சிட்டியுடன் கெவின் டி பிராய்னே ஒப்பந்தத்தை நீட்டித்தபோது அவர் பக்கம் முகவர் இல்லை. தந்தையும் வழக்கறிஞர்களும், அவருடைய ஆட்டத்தின் மதிப்பை எண்களில் காட்டிய தரவு ஆய்வாளர்களும் இருந்தார்கள். அதே ஆண்டு பயர்ன் மியூனிக்கின் யோஷுவா கிம்மிக்கும் தமக்காகத் தாமே பேசி ஒப்பந்தம் செய்துகொண்டார். புகழின் உச்சியில் இருப்பவர்களுக்கு இது எளிது, பதினெட்டு வயதுப் பையனுக்கு எளிதன்று என்று எதிரணி சொன்னால், அந்தப் பையனுக்கு ஆள் வேண்டும் என்பதை நானும் ஒப்புக்கொள்வேன். அவனுக்காக மட்டும் பேசுகிற, அவனிடம் மட்டும் கூலி வாங்குகிற, அவனுடைய பயிற்சியாளருக்கும் கிளப்புக்கும் எந்த வகையிலும் கடமைப்படாத ஆள். அப்படி இருக்க ஒப்புக்கொள்ளும் பெரிய முகவர் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை, அடுத்துப் பேச வரும் எதிரணித் தலைவர் இந்த அவைக்குச் சொல்ல வேண்டும் என்று நடுவர் அவர்கள் மூலமாகக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.