இந்த மரத்தை வெட்டுற அன்னைக்கு ஒண்ணுமே ஆகாது... மூணாம் நாள்தான் ஆட்டம் ஆரம்பம்!

(திரையில்: சிவந்து வீங்கிய ஒரு முன்கை. வரிவரியாகக் கொப்புளம். குரல் மட்டும்.)

இந்தக் கையைப் பாருங்க. ஆசிட் ஊத்தல. தீ சுடல. பூச்சி கடிக்கல. ஒரு மரத்தை அறுத்தாரு, அவ்வளவுதான். அறுத்த அன்னைக்கு ராத்திரி நல்லா சாப்பிட்டு நல்லா தூங்கியிருப்பாரு. மறுநாள் லேசா ஒரு நமைச்சல். அதுக்கு அடுத்த நாள் காலையில கை இப்படி!

(தொகுப்பாளர் திரையில்.)

வணக்கம் மக்களே! மரம் வெட்டுறவங்க, விறகு உடைக்கிறவங்க, மரம் அறுக்கிற மில்லுல வேலை பார்க்கிறவங்க, தோட்டத்துல சும்மா ஒரு கிளையைக் கழிக்கப் போறவங்க, எல்லாருக்குமான வீடியோ இது. இன்னொரு சேதி: இந்த மரங்களோட சொந்தக்காரங்க உங்க வீட்டுக்குள்ளயே இருக்காங்க. ஒருத்தர் ஊறுகாய் ஜாடியில, இன்னொருத்தர் பாயசத்துல.

ஆமா, மாங்காயும் முந்திரியும்தான்.

குடும்ப வரலாற்றை வேகமா முடிச்சிடறேன். மா, முந்திரி, சேராங்கொட்டை, மேற்குத் தொடர்ச்சி மலையில இருக்கிற சேரு மரம், அமெரிக்காவுல எல்லாரும் பயப்படுற பாய்சன் ஐவி கொடி, எல்லாம் ஒரே தாவரக் குடும்பம். இதுங்க பால்ல எண்ணெய்ப் பசையா ஒரு பொருள் இருக்கு. பாய்சன் ஐவியில இருக்கிறதுக்குப் பேரு உருஷியால். மத்ததுல அதோட அண்ணன் தம்பி. மாங்காய் காம்பை ஒடிச்சதும் பீச்சி அடிக்கிற பால் பட்டு உதட்டோரம் புண்ணாகுதே, அதுவும் இந்த வகையறாதான். முந்திரிப் பருப்புல விஷம் கிடையாது, ஓட்டு எண்ணெயிலதான் சமாச்சாரம். 1982ல அமெரிக்காவுல, பென்சில்வேனியாவுல, சின்னப் பசங்க பேஸ்பால் அமைப்பு ஒண்ணு நிதி திரட்டறதுக்காக முந்திரிப் பாக்கெட் வித்தாங்க. உள்ள ஓட்டுத் துண்டு கலந்திருந்துச்சு. 54 பேருக்கு உடம்பெல்லாம் தடிப்பு! நிதி வந்துச்சோ இல்லையோ, அரிப்பு வந்துச்சு.

சரி, ஏன் அன்னைக்கே அரிக்கல? இது தோலைச் சுடுற ஆசிட் இல்லைங்க. அந்த எண்ணெய் தோலுக்குள்ள இறங்கி, தோலோட புரதத்துல போய் ஒட்டிக்குது. நம்ம உடம்போட பாதுகாப்பு அணுக்கள் அதைப் பார்த்துட்டு "இது நம்ம ஆளு இல்லையே"ன்னு சொந்தத் தோலையே அடிக்க ஆரம்பிக்குது. அந்தப் படை திரண்டு வர்றதுக்கு ஒண்ணு ரெண்டு நாள் ஆகும். வாழ்க்கையில முதல் தடவை படுறவங்களுக்கு ஒரு வாரத்துக்கு மேலகூட ஆகலாம். இது ஒவ்வாமை, ஆளுக்கு ஆள் மாறும். அதனாலதான் "நான் முப்பது வருஷமா வெட்டுறேன், எனக்கு ஒண்ணும் பண்ணாது"ன்னு சொல்ற பெரியவர் பேச்சை நம்பி இறங்காதீங்க. அவருக்கு ஒத்துக்குது, உங்களுக்கு ஒத்துக்கணும்னு இல்ல. அவருக்கே நாளைக்கு ஒத்துக்காம போகலாம்.

இந்தத் தாமதத்தால நம்ம ஊர்ல ஒரு அப்பாவி மாட்டிக்குது. கத்திரிக்காய்! மூணாம் நாள் அரிச்சா, "நேத்து கத்திரிக்காய் சாப்பிட்டியா, கருவாடு சாப்பிட்டியா"ன்னுதான் வீட்ல முதல் கேள்வி வரும். முந்தாநாள் எந்த மரத்துல கை வச்சேன்னு யாரும் கேட்கிறதில்ல.

இப்போ நம்ம பக்கத்து ஆளுங்களைப் பார்ப்போம். முதல்ல சேராங்கொட்டை. சித்த மருந்துல பார்த்திருப்பீங்க, சுத்தி பண்ணாம, அதாவது நச்சை நீக்காம, அதைத் தொடவே மாட்டாங்க. மரம் முழுக்க அந்தக் காரமான சாறு. ஆங்கிலேயர் காலத்து வனத்துறைக் குறிப்புகள்லயே, மரம் வெட்டுறவங்க இதை வெட்ட ஒத்துக்க மாட்டாங்கன்னு இருக்கு. ஒரே வழி, அடிமரத்துல பட்டையைச் சுத்தி வளையமா செதுக்கி விட்டுடறது. மரம் நின்ன நிலையிலேயே காஞ்சு, சாறு வத்தினதுக்கு அப்புறம்தான் கோடாரி. இதைக் கண்டுபிடிச்சவங்க பட்டம் வாங்கினவங்க இல்ல. உடம்புல பட்டுப் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டவங்க.

அடுத்தது சேரு. மேற்குத் தொடர்ச்சி மலையில, முக்கியமா கேரளப் பக்கம், இந்தப் பேரைச் சொன்னாலே நாலடி தள்ளி நிப்பாங்க. தாவரவியல் பேரு ஹோலிகார்னா ஆர்னோட்டியானா. சேரு தீண்டிட்டா என்ன வைத்தியம் தெரியுமா? தான்றி மரத்தைச் சுத்தி வலம் வரணும்! திரிபலாவுல கடுக்காய், நெல்லிக்காயோட சேருதே, அந்தத் தான்றிக்காய் மரம்தான். கேரளத்துல இது ரொம்பப் பழைய நம்பிக்கை. என் அபிப்பிராயம் கேட்டா, ரெண்டு மூணு வாரத்துல தானா இறங்கிடற தடிப்புக்கு எந்த வைத்தியம் பண்ணினாலும் அது பேர் வாங்கிடும். வலம் வரணும்னா வாங்க. ஆனா அதுக்கு முன்னாடி சோப்பு போட்டுக் கழுவிட்டு வாங்க.

மலேசியாவுல இருந்து பார்க்கிற நம்ம மக்களே, உங்க பக்கம் ரெங்காஸ்னு ஒரு மரம் இருக்கே, உள்மரம் செக்கச்செவேல்னு அழகா இருக்கும், அதுவும் இந்தக் குடும்பம்தான். அதோட நெருங்கின உறவு நம்ம செங்குறிஞ்சி. கொல்லம் மாவட்டத்துல இந்த மரத்தோட பேர்லயே ஒரு சரணாலயம் இருக்கு, செந்துருணி.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச இடத்துக்கு வந்துட்டோம். கொஞ்சம் நேரம் எடுத்துக்கறேன், தள்ளிவிட்டுப் போயிடாதீங்க.

(திரையில்: வெள்ளைத் தாளில் நசுக்கிய இலை. கறை மெல்லக் கறுக்கிறது.)

இந்தச் சாறு வெளிய வரும்போது வெளுப்பாவோ பழுப்பாவோ இருக்கும். காத்து பட்டதும் கறுத்துடும். சேரு மரத்துப் பட்டையில மை ஒழுகின மாதிரி கறுப்பு வரி பார்க்கலாம். அமெரிக்காவுல பாய்சன் ஐவியைக் கண்டுபிடிக்க, இலையை வெறுங்கையால தொடாம, ஒரு வெள்ளைத் தாளுக்கு நடுவுல வச்சு நசுக்குவாங்க. கொஞ்ச நேரத்துல கறை கறுத்துப் போனா, அதுதான் ஆளு.

இந்தக் கறுப்பை நம்மாளுங்க என்ன பண்ணினாங்க தெரியுமா? பேனா இல்லாமலேயே மை ஆக்கிட்டாங்க! ஊர்த் துணியெல்லாம் ஒண்ணா வெளுக்கும்போது யாருது எதுன்னு தெரியணுமே. சலவைத் தொழிலாளிங்க சேராங்கொட்டையைக் குத்தி, அந்தச் சாறுல துணி ஓரத்துல ஒரு குறி போட்டு, சுண்ணாம்பை வச்சு அழியாம நிலைக்க வைப்பாங்க. அப்புறம் வெள்ளாவி வச்சாலும் போகாது, கல்லுல அடிச்சாலும் போகாது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி. எழுதப் படிக்கத் தேவையில்ல. என்னைக் கேட்டா, இன்னிக்கு இருக்கிற பார்கோடுக்கு இது பெரியப்பா.

ரெண்டாம் உலகப் போர் வருது. அமெரிக்கச் சிப்பாய்ங்க இந்தியாவுல வந்து முகாம் போடறாங்க. துணியை இங்க வெளுக்கப் போடறாங்க. பார்த்தா, ஒருத்தனுக்குப் பிடரியில தடிப்பு, இன்னொருத்தனுக்கு இடுப்புல. டாக்டர்ங்க பார்த்தா அரிப்பு கச்சிதமா ஒரே இடத்துல இருக்கு. சட்டைக் காலர்ல குறி இருந்தவனுக்குப் பிடரி, கால்சட்டைப் பட்டியில குறி இருந்தவனுக்கு இடுப்பு! 1943ல ராணுவ டாக்டர்கள் இதைக் கட்டுரையாவே எழுதிட்டாங்க. அந்தப் பசங்க சொந்த ஊர்ல பாய்சன் ஐவி பட்டு வளர்ந்தவங்க. உடம்பு ஏற்கெனவே பழகின எதிரியை, கடல் தாண்டி வந்து, துவைச்ச துணியில அடையாளம் கண்டுபிடிச்சிருக்கு. எனக்கு இதை நினைச்சா இன்னமும் புல்லரிக்குது. அரிக்குதுன்னு சொல்லல, புல்லரிக்குது.

இன்னும் ஒண்ணே ஒண்ணு. காரைக்குடி பழம்பொருள் கடைங்கள்ல, பர்மாவுல இருந்து செட்டியார் வீடுகளுக்கு வந்த மெருகு டப்பா பார்த்திருக்கீங்களா? கறுப்பும் சிவப்புமா பளபளன்னு இருக்கும். அந்த மெருகும் இந்தக் குடும்பத்து மரத்துப் பால்தான். செங்குறிஞ்சிக்கு நெருங்கின இனம். ஜப்பான்ல உருஷி மரத்துப் பால்ல இதே வேலை பண்றாங்க. அதுல ஒரு விசித்திரம்: இந்த மெருகு காயணும்னா வெயில்ல வைக்கக் கூடாது. ஈரப்பதமான அறையில வைக்கணும்! பால்ல இருக்கிற ஒரு நொதிதான் அதை இறுக வைக்குது, அந்த நொதி வேலை செய்யக் காத்துல ஈரம் வேணும். முழுசா இறுகினதுக்கு அப்புறம் அதுல சோறே போட்டுச் சாப்பிடலாம். இறுகாத வரைக்கும் கை வைக்க முடியாது.

இதுக்கும் மரவேலைக்கும் என்ன சம்பந்தம்? அங்கதான் விஷயமே. வெயில்ல காஞ்ச விறகு, பட்டுப்போன கொடி, இலை உதிர்ந்த தடி, இதெல்லாம் "காஞ்சுடுச்சு, இனிமே பயமில்ல"ன்னு நினைக்கிறோம். மரம் காயறது வேற, எண்ணெய் இறுகறது வேற. செத்த கொடியில, ரம்பத்துல, கையுறையில அந்த எண்ணெய் மாசக்கணக்கா, சில சமயம் வருஷக்கணக்கா வீரியத்தோட கிடக்கும். அமெரிக்காவுல குளிர்காலத்துல விறகு உடைக்கிறவங்க மாட்டறது இப்படித்தான். இலையே இருக்காது, மரத்தோட ஒட்டிக்கிட்டு ரோமம் முளைச்ச மாதிரி ஒரு கொடி மட்டும் இருக்கும்.

அப்போ என்ன பண்ணணும்? சுருக்கமா சொல்றேன். முழுக்கை சட்டை, தடிமனான வினைல் இல்லைன்னா நைட்ரைல் கையுறை. மெல்லிசான லேடக்ஸ் கையுறையை நம்பாதீங்க, எண்ணெய் அதுக்குள்ள ஊடுருவிடும். செயின்சா போட்டீங்கன்னா தூளும் சாறும் தெறிக்கும், கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு முகமூடி. சாறு பட்டுச்சா, அடுத்த பத்து நிமிஷம்தான் தங்கம். பாத்திரம் கழுவுற சோப்பு மாதிரி எண்ணெயை வெட்டுற சோப்பு, துணி வச்சுத் தேய்ச்சு, நிறையத் தண்ணியில கழுவணும். நேரமாயிடுச்சுன்னாலும் கழுவுங்க, பலன் குறையும், அவ்வளவுதான். பட்ட இடத்துல தேங்காய் எண்ணெயைத் தடவித் தேய்ச்சுட்டு அப்படியே விடாதீங்க, எண்ணெயோட எண்ணெய் கலந்து பரவிடும். போட்டிருந்த துணியைத் தனியாத் துவைங்க. கோடாரி, ரம்பம், செருப்பு எல்லாத்தையும் கையுறையைக் கழட்டாம சோப்பு போட்டுக் கழுவுங்க.

எரிக்க மட்டும் எரிக்காதீங்க! இதுக்கு ஒரு தனி வீடியோவே போடலாம். புகையோட எண்ணெய்த் துளி ஏறி நுரையீரலுக்குள்ள போனா ஆஸ்பத்திரிதான்.

கொப்புளம் வந்துட்டா ஒரு நல்ல சேதி. கொப்புளத்துத் தண்ணி பட்டு இது பரவாது, வீட்ல யாருக்கும் தொத்தாது. புதுசு புதுசா வர்ற மாதிரி தெரியறது, எண்ணெய் கம்மியா பட்ட இடம் லேட்டா கிளம்பறதுனாலதான். இல்லைன்னா கழுவாத சட்டையையே திரும்பப் போட்டிருப்பீங்க. குளிர்ந்த தண்ணித் துணி, காலமைன் லோஷன் போதும். முகம், கண், மறைவிடம் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, புகை உள்ள போயிருந்தாலோ நேரா டாக்டர்கிட்ட போங்க.

ஒரு எச்சரிக்கை, இது வேற குடும்பம். தில்லை மரம். சிதம்பரத்துக்கே தில்லைன்னு பேர் குடுத்த மரம், பிச்சாவரம் சதுப்புக் காட்டுல இன்னமும் இருக்கு. இதோட வெள்ளைப் பால் ஒவ்வாமை இருக்கா இல்லையான்னு பார்க்காது, யார் மேல பட்டாலும் எரிக்கும். கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து, கொஞ்ச நேரமும் யோசிக்காம தண்ணியை ஊத்திக்கிட்டே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். சுந்தரவனக் காட்டுல இதை டன் டன்னா வெட்டி, வங்கதேசத்துல குல்னாவுல இருந்த ஆலையில செய்தித்தாள் காகிதம் பண்ணினாங்க. காலையில காபியோட பேப்பர் படிச்சவங்களுக்கு, வெட்டினவங்க கண்ணு எரிஞ்சது தெரிஞ்சிருக்குமா?

ஆசாரிமார்களே, உங்களை மறக்கல. ஈட்டி, தேக்கு இழைக்கும்போது வர்ற அரிப்பு தனிக் கதை, அது மரத்தூள்ல இருக்கிற வேற ரசாயனம். அடுத்த வீடியோ அதுதான், அதனால இப்பவே சப்ஸ்கிரைப் பண்ணி வைங்க.

கீழ கமெண்ட்ல ஒரு உதவி பண்ணுங்க. உங்க ஊர்ல, உங்க மலையில, தொட்டா அரிக்கிற மரத்துக்கு என்ன பேர் வச்சிருக்காங்க? மாவட்டத்தோட சேர்த்து எழுதுங்க. முடிஞ்சா அடிமரத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்க, தள்ளி நின்னு!