இரவில் அழுத மரம் இப்போது உங்கள் வீட்டுத் தொட்டியில்!

ஒரு மரம் ராத்திரியானால் "என்னை ஊருக்கு அனுப்பு" என்று அழுததாம். அந்த இனம்தான் தொட்டிகளில் அழகுக்கு வளர்க்கிற சைக்கஸ்.

சேகோ பாம் என்று விற்பார்கள். ஆனால் இது பனை வகையே கிடையாது. பூக்காமல் கூம்பு விடும் மிகப் பழைய இனம். ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. சொந்த ஊர் தெற்கு ஜப்பான், அங்கே பெயர் சோதெட்சு.

சரி, அழுத கதைக்கு வருவோம். ஜப்பானின் சகாய் நகரத்து மியோகொகுஜி கோயிலில் இருந்த சைக்கஸை, அந்தக் காலத்துப் போர்த்தலைவர் ஓடா நோபுனாகா தன் அசுச்சி கோட்டைக்குப் பெயர்த்துக் கொண்டுபோனாராம். மரம் இரவெல்லாம் புலம்பியிருக்கிறது. கோபத்தில் வெட்டச் சொன்னார். வெட்டிய இடத்தில் ரத்தம் கசிந்ததாம்! அத்தனை பெரிய போர்த்தலைவரே பயந்துபோய்க் கோயிலுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். கதை இருக்கட்டும், மரம் நிஜம். இன்றும் அங்கேயே நிற்கிறது. வயது 1,100-க்கு மேல் என்கிறார்கள். எனக்கு இதைச் சொல்லும்போதே சிலிர்க்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. இதன் விதையிலும் தண்டிலும் சைக்கசின் என்ற நஞ்சு இருக்கிறது. ஆனாலும் தெற்கு ஜப்பானின் அமாமி தீவு மக்கள் விதையைப் பிளந்து, காயவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி அலசி, நொதிக்கவைத்து மாவாக்கினார்கள். கஞ்சி, நாரி மிசோ என்ற புளித்த விழுது எல்லாம் அதில்தான். 1920-களில் சர்க்கரை விலை சரிந்து, கரும்பை நம்பியிருந்த ஜப்பானின் ஒகினாவா பட்டினியில் விழுந்தது. பக்குவம் தவறிய சைக்கஸைத் தின்று பலர் இறந்தார்கள். அந்தக் காலத்துக்கே 'சோதெட்சு நரகம்' என்று பெயர். நஞ்சை உணவாக்கிய அந்தக் கைப்பக்குவத்தை நான் கும்பிடுகிறேன். நீங்கள் மட்டும் முயன்று பார்க்காதீர்கள்!

வளர்ப்பது சுலபம். நல்ல வெயில், தண்ணீர் தேங்காத மணல் கலந்த மண். மேல்மண் காய்ந்த பிறகு ஊற்றுங்கள், குருத்துக்குள் ஊற்றாதீர்கள். புது இலைகள் சுருள் விரியும்போது தொட்டியைத் திருப்பினால் இலைகள் கோணிவிடும். பக்கக் கன்றை வெட்டினால், காயம் ஆறச் சில நாள் விட்டு நடுங்கள். கடும் குளிருக்குக் கியோட்டோ நிஜோ கோட்டையில் வைக்கோல் போர்த்துகிறார்கள்.

அப்புறம், வீட்டில் நாய் இருக்கிறதா? விதை கீழே விழுந்தால் உடனே பொறுக்கிவிடுங்கள். கடித்துவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள், கல்லீரலையே கெடுத்துவிடும்.