படுத்திருக்கும் துரையும் 2,350 ரூபாய் பிரேமும்

வணக்கம். வழக்கம்போல் டீ கையில் இருக்கிறது. இன்று கூடவே எரிச்சலும் இருக்கிறது.

சர் புரூக் பூத்பி என்ற இங்கிலாந்துக் கனவான் காட்டில் படுத்திருக்கும் ஓவியத்தைப் பிரிண்ட் எடுத்து பிரேம் போடக் கொடுத்திருக்கிறேன் என்று போன வீடியோவில் சொன்னேன் இல்லையா? பிரிண்ட் 400 ரூபாய், பிரேம் 2,350! சரி, தேக்கு என்றார்கள், கொடுத்துவிட்டேன். வீட்டில் மாட்டினால் துரை செங்குத்தாக நிற்கிறார். 'ஆள் படம்தானே' என்று கொக்கியைக் குறுகிய பக்கத்தில் அடித்துவிட்டார்கள்.

அவர் படுத்திருப்பதுதானே படத்தின் விசேஷமே! 18ஆம் நூற்றாண்டுக் கனவான் என்றால் விறைப்பாக ஒரு போஸ், பின்னால் ஒரு தூண், ஒரு திரைச்சீலை. அந்தத் தூணைப் பார்த்தாலே எனக்குக் கொட்டாவி வரும். இவர் காட்டுத் தரையில் சாய்ந்து, தலையைக் கையில் தாங்கி, நம்மையே பார்க்கிறார். போன வீடியோவில் 'உண்ட மயக்கம்' என்று கமெண்ட் போட்டவரே, இல்லை! நம் வீட்டில் கன்னத்தில் கை வைத்தால் 'கப்பல் கவிழ்ந்துவிட்டதா' என்பார்கள். அங்கேயும் அது சோகத்தின், ஆழ்ந்த யோசனையின் அடையாளம்தான்.

அப்புறம் அவர் கையில் இருக்கும் அந்தப் புத்தகம். மேலே 'ரூசோ' என்று இருக்கும். 1776இல் பாரிசில் தத்துவஞானி ரூசோ தன் கையெழுத்துப் பிரதி ஒன்றை இவரிடம்தான் ஒப்படைத்தார். 1778இல் ரூசோ இறந்தார். 1780இல் இங்கிலாந்தின் லிச்ஃபீல்ட் ஊரில் பூத்பி அதை அச்சிட்டார். ஓவியம் 1781. தேதிகளைப் பாருங்கள்: படிப்பதற்காகவா வைத்திருக்கிறார்? 'என்னை நம்பித்தான் கொடுத்தார்' என்று காட்டுகிறார்!

அட, வரைந்தவரைச் சொல்லவே இல்லையே. இங்கிலாந்தின் டெர்பி ஊர்க்காரர் ஜோசப் ரைட். காற்றுப் பம்பின் கண்ணாடிக் குடுவைக்குள் வெள்ளைக் கிளி மாட்டிக்கொண்டிருக்கும் 1768 படத்துக்கு ஒரு வீடியோ முழுக்கப் புலம்பினேனே, அவரேதான். அங்கே இருட்டும் விளக்கொளியும், இங்கே பகல்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த உடை. உள்கோட்டுப் பொத்தான்கள் அலட்சியமாகத் திறந்திருக்கின்றன, ஆனால் தையல் அத்தனை கச்சிதம். காட்டில் படுத்தவர் மேல் ஒரு கறை கிடையாது. எளிமையைக்கூடத் தையல்காரரிடம் அளவு கொடுத்துத் தைத்துக்கொண்ட மனிதர்!

அசல் லண்டன் டேட் அருங்காட்சியகத்துடையது, இரண்டு மீட்டருக்கு மேல் அகலம். என்னுடையது இரண்டடி. கொக்கியை மாற்ற இன்னும் 150 கேட்கிறார்கள். கொடுக்க மாட்டேன். நாளை சுத்தியலோடு நானே உட்காரப்போகிறேன்.